சத்தமில்லாமல் பார்த்த இரண்டாம் பாகம்

இன்று மகள் தன் கைபேசியில் ஒரு பழைய சண்டைப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் போட்டுத் தந்தாள். கீழே வசனம் தமிழ் எழுத்தில் ஓடியது. இந்த வயதில்தான் வாசிக்கப் பழகினேன். ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி வாசித்தேன். என்னை அறியாமலே சத்தத்தைக் குறைத்திருந்தேன்.

யுத்த காலத்தில், எங்கள் ஊர் லிங்கநகரில், ஓர் ஊரடங்குப் பகலில் இதே படத்தை வீடியோ டெக்கில் பார்த்தோம். படத்தில் சுடுகிற துவக்குச் சத்தம் கேட்டு ஆமி உள்ளே வந்துவிடும் என்ற பயத்தில் ஊமைப் படமாகவே ஓடவிட்டோம்.

கடைசிச் சண்டையில் வாசலில் பூட்ஸ் சத்தம். மச்சான் டிவியை நிறுத்தினார். ஆமி போன பிறகும் மறுபடி போடத் துணிவு வரவில்லை.

கதாநாயகனோடு கூடவே வந்த தாடிக்காரன் எப்படியும் அவனைக் காப்பாற்றியிருப்பான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

இன்று வாசித்தால், காட்டிக்கொடுத்தவனே அவன்தான்!

சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினியிலிருந்து கேட்டாள்: "என்னப்பா, சத்தத்தைக் கூட்டுங்கோவன். இப்ப ஆர் வரப்போறாங்கள்?"

"ஓம், ஒருத்தரும் வரமாட்டாங்கள். எண்டாலும் கூட்ட ஏலாதப்பா."

கதாநாயகன் தப்பிவிட்டான். அதை நானே வாசித்தேன்!

அவனுடைய குரல்தான் இன்னும் தெரியாது. கேட்டவர்கள் அது எப்படி இருக்கும் என்று எழுதுங்கள், மெதுவாக வாசிப்பேன்.