மூன்று கார்டுக்குப் பதில் வராவிட்டால்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. வாய்ப்புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் சதைத் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சில ஸ்லைடுகளில் புற்றைச் சுற்றி லிம்போசைட் என்ற வெள்ளை ரத்தச் செல்கள் மொய்த்துக் கிடக்கும். சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. மொய்த்திருந்தால் நோயாளி பிழைக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். உடம்பே நோயோடு சண்டை போடுகிறது என்று சொன்னால் தலைமை ஆய்வாளர் சிரிப்பார். சிரிக்கட்டும், ரிஜிஸ்டர் பேசும் என்று வீம்பாக இருந்தேன்.

பேசியது. மொய்த்தவர்களும் மொய்க்காதவர்களும் ஒரே மாதிரி செத்திருந்தார்கள்.

செத்தார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதத்துக்கு ஒரு தபால் கார்டு போடுவோம். ‘தாங்கள் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். தற்போது நலமா?’ மூன்று கார்டுக்குப் பதில் வராவிட்டால் சிவப்பு மையில் ‘இறந்தார்’. அவ்வளவுதான். அந்த வாசகம் நான் எழுதியது. நோயின் பெயரைப் பூசி மெழுகக் கூடாது, அதுதான் அறிவியல் என்று பெருமை வேறு.

கோவில்பட்டியில் பிறந்தவள் நான். எங்கள் பக்கத்து ஊர்களில் தபால்காரர் கார்டை நீட்டிவிட்டுப் போவதில்லை, தெருவில் நின்று வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார் என்பது எனக்குத் தெரியாதா? படித்த திமிர் கண்ணை மறைத்துவிட்டது.

மாசி மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது, மனசு கேட்காமல் எப்போதும்வென்றானுக்குப் பஸ் ஏறினேன். சிவப்பு மையில் இருந்த ஒரு பெண்ணின் ஊர் அது. நான் பார்த்ததிலேயே லிம்போசைட் அதிகம் மொய்த்த ஸ்லைடு அவளுடையது. பெயர் சொல்லி விசாரித்ததும் ஒருவர் பருத்திக் காட்டைக் கைகாட்டினார். மடி நிறையப் பருத்தியோடு நின்றுகொண்டிருந்தாள், எங்கள் ரிஜிஸ்டரில் செத்துப்போனவள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கோரத்தில் தழும்பு மட்டும்தான். கழுத்தைத் தடவிப் பார்த்தேன், ஒரு கட்டி இல்லை. என் சந்தேகம் சரிதான் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“கார்டு போட்டது நீங்கதானாக்கும்?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“நல்லா இருப்பியளா? பல்லுல ஆபரேசன்னு ஊருக்குச் சொல்லி வச்சிருந்தோம். தபால்காரரு நடுத்தெருவுல வச்சு வாசிச்சுட்டாரு. எம் மவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்தவிய, இது வம்சத்துக்கே வார சீக்குன்னு முறிச்சுட்டுப் போயிட்டாவ. அதுக்குப் பெறவும் ரெண்டு கார்டு!”

ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டினால் ரிஜிஸ்டரைத் திருத்திவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

“உசுரோட இருக்கேன்னு எழுதினா மறுபடி கார்டு வருமா?”

விதிப்படி வரும்.

“அப்பம் செத்ததாவே இருக்கட்டும் டாக்டரம்மா. அடுத்த வாரம் கழுகுமலையிலேருந்து பொண்ணு பாக்க வாராவ.”

திரும்பிப் போய்த் தலைமை ஆய்வாளரிடம் சண்டை போட்டேன். கார்டு வேண்டாம், நோயின் பெயர் போடாமல் ஒட்டிய கவரில் அனுப்புவோம் என்றேன். நடுவில் முறையை மாற்றினால் ஆய்வு கெட்டுவிடுமாம். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், கண்ணால் பார்த்தேன் என்றேன். காட்டில் பார்த்ததெல்லாம் சேராது, இங்கே வந்து காட்டியவர்தான் சேர்த்தி என்றார். உயிரோடு இருப்பவளைச் செத்தவளாக எழுதினால் மட்டும் ஆய்வு கெடாதாக்கும்! மேஜையில் இருந்த ரிஜிஸ்டரைத் தூக்கி அவர் மேல் வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. திருத்தினால் நாலாவது கார்டு போகும். சிவப்பு மையை அப்படியே விட்டுவிட்டேன்.

லிம்போசைட் மொய்ப்பதால் நோயாளிக்குப் பயன் ஏதுமில்லை என்று கட்டுரை வெளிவந்தது. அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. இன்று அதே செல்கள் புற்றோடு சண்டை போட ஒன்றையொன்று எப்படி உசுப்பிவிடுகின்றன என்று பார்ப்பதற்கென்றே ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு, என் ஆராய்ச்சிப் பட்டியலை வாசித்துச் சால்வை போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது இந்தப் பொய்தான். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ரிஜிஸ்டரில் சிவப்பு மைப் பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு உயிரோடு, அடுத்த கார்டுக்குப் பயந்துகொண்டு இருந்தார்கள் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை.