அந்த இணையதளம் யாருடையது

கலைமதிக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். விழுப்புரத்தில் பி.சி.ஏ. படித்தாள், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். கணவன் ஆனந்தராஜ் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். இவளுக்கு விழுப்புரத்தில் ஒரு விதைக்கடையில் பில் போடும் வேலை. காலையில் ரயிலில் போய்ப் பொழுது சாய பஸ்ஸில் திரும்புவாள். அதிகம் பேசாதவள்.

பழைய போன் தொலைந்துபோய்ப் புது நம்பர் வாங்கியபின்தான் தொல்லை தொடங்கியது.

"ராஜ்குமாருங்களா? ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரமா வேணுங்க."

"ராஜ்குமார் இல்லைங்க. இது என் நம்பரு."

வாரம் தவறாமல் இப்படி யாராவது கூப்பிட்டார்கள். நம்பர் எங்கே கிடைத்தது என்று ஒருவரிடம் கேட்டாள். அவர் ஓர் இணையதளத்தின் பெயரைச் சொன்னார். திறந்து பார்த்தாள். விழுப்புரம் மாவட்டத்தில் ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்கள் ஊர்வாரியாக இருந்தன. 'ராஜ்குமார், காணை' என்ற பெயருக்கு எதிரே அவளுடைய நம்பர். அவன் விட்டுவிட்ட நம்பரை போன் கம்பெனி இவளுக்குக் கொடுத்திருக்கிறது. தளத்தை நடத்துபவர் யார் என்று எங்கும் போட்டிருக்கவில்லை.

"நம்பர மாத்திட்டுப் போயேன். எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றான் ஆனந்தராஜ்.

"பேங்கு, கேஸு, ஆதாரு எல்லாம் இதுலதான் இருக்குது. அவங்க மாத்தட்டும்."

இணையதளப் பெயர் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிறுவனத்தின் வழியாகப் பதிவாகும், அந்தப் பதிவை யாரும் தேடிப் பார்க்கலாம் என்று கல்லூரியில் படித்தது நினைவிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரிலேயே தேடினாள். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. முகவரியும் அப்படியே. மாநிலம் தமிழ்நாடு என்பது மட்டும் தெரிந்தது. பதிவு செய்த நிறுவனத்தின் பெயரும், பதிவு காலாவதியாகும் தேதியும் இருந்தன. உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப அந்த நிறுவனம் ஒரு வழி வைத்திருந்தது. 'என் நம்பரை எடுத்துவிடுங்கள்' என்று எழுதி அனுப்பினாள். பதில் இல்லை.

காலாவதி அடுத்த மாதம்தான். யாரும் புதுப்பிக்காவிட்டால் தளம் போய்விடும், அழைப்புகளும் நின்றுவிடும். காத்திருப்பது என்று முடிவு செய்தாள்.

அந்த மாதத்திலேயே ஒரு மதியம் வெள்ளையம்மாள் என்றொரு பெண் கூப்பிட்டாள். விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் மருமகளுக்குப் பிரசவ ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்றாள். கலைமதி வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"வேற யாரு நம்பராவது இருக்குதா தாயி? எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துப் பெட்டுல இருக்கிறவங்கதான் போட்டுக் குடுத்தாங்க."

கலைமதி கடைக்கு வந்தவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, தளத்திலிருந்த மற்ற ஓ நெகட்டிவ் நம்பர்களைக் கூப்பிட்டாள். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஒருவர் சென்னையில் இருந்தார். பெரியசாமி என்ற பஸ் டிரைவர்தான் கிடைத்தார்.

"ட்யூட்டி முடிஞ்சி வீட்டுக்குப் போய்க்கினு இருக்கேன். பரவால்ல, இப்பிடியே போறேன். எந்த வார்டுன்னு மட்டும் சொல்லுங்க."

சாயங்காலம் வெள்ளையம்மாள் கூப்பிட்டு, தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். கலைமதி சரிங்க என்று வைத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது உரிமையாளருக்கு மறுபடியும் எழுதினாள். இந்தத் தடவை, பதிவு காலாவதியாகப் போகிறது, புதுப்பித்துவிடுங்கள் என்று எழுதினாள். பெரியசாமியின் நம்பர் எங்காவது இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

சில நாளில் ஒரு பெரியவர் போன் செய்தார். பேச்சு கொஞ்சம் குழறியது.

"நாந்தாம்மா சீனுவாசன். அந்த வெப்சைட்ட ஆரம்பிச்சவன். திண்டிவனத்துலதான் இருக்கேன்."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது.

"நீ மொதல்ல எழுதனதயும் பாத்தேன். அத்தினி நம்பரயும் கூப்ட்டு சரி பாக்க என்னால ஆவல. தப்பு நம்பர வெச்சிக்கினு இருக்கிறதுக்கு, போவட்டும்னு உட்டுட்டேன். நீ எடுத்துக்கிறியா?"

"ஞாயித்துக்கெழம வர்றேங்க" என்றாள் கலைமதி.

ஞாயிற்றுக்கிழமை அவர் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கணக்கைத் திறந்தார். தளத்தின் பெயர் அவள் கணக்குக்கு மாறியது. பணம் கட்டிப் பதிவையும் புதுப்பித்தாள்.

"ஒம் பேரு வெளிய தெரியணுமா? ரத்தம் கெடைக்கலன்னு கண்ட நேரத்துல ஆளுங்க சண்டைக்கு வந்தாங்கன்னுதான் நான் மறைச்சி வெச்சேன்."

"தெரியட்டுங்க. தளத்துலயும் மெயில் முகவரி போட்டுடறேன்."

அதிலிருந்து ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளெல்லாம் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். பாதிக்கு மேல் செத்த நம்பர்கள். சிலர் வெளியூர் போய்விட்டிருந்தார்கள், சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். எல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம்தான். திண்டிவனத்தின் கீழே புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தாள்.

"என்னைக் கேக்காமலே போட்டுட்டியா?" என்றான் ஆனந்தராஜ்.

"இப்ப கேக்கறேன். எடுத்துடட்டுமா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். "இருக்கட்டும்" என்றான்.