டொனாட்டோ சாமியான கதை

டொனாட்டோவுக்குச் சிங்கப்பூரில் கஷ்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவனை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடாததுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். நேப்பிள்ஸ்காரன். தஞ்சோங் பகாரில் நான் வேலை செய்யும் உணவகத்தில் பீட்சா போடுகிறான். முதலாளிக்கு அவன் 'ஷெஃப்'. லிட்டில் இந்தியாவில் அவனோடு அறையில் தங்கியிருந்தவர்களுக்கு 'வெள்ளைக்காரன்'. எனக்கு 'ப்ரோ'.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறைச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தவனை மாதா கோவில் தமிழ்ப் பூசைக்கு இழுத்துப்போனது கிளாரன்ஸாகிய நான்தான். தாடி, கறுப்புச் சட்டை, ஊரோ போப்பாண்டவர் பக்கம். பூசைக்கு வந்திருந்த செம்பவாங் பிலோமினம்மாளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? "தோத்திரம் சாமி" என்று கைகூப்பி நெற்றியைக் காட்டினார். பாதிரியாரிடம் ஆசி கேட்கிற வழக்கம் அது. இவனோ, இங்கே வணக்கம் சொல்வதே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கட்டைவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டான். மறுநாளே முட்டிவலி போய்விட்டதாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? புதுக் கார், புது வீவக அடுக்குமாடி வீடு, பிள்ளைகளின் பரீட்சைப் பேனா என்று எல்லாம் ஆசிக்கு வந்தன. "நான் பாதிரியார் இல்லை" என்று கெஞ்சிப் பார்த்தான். "என்ன ஒரு பணிவு பாருங்க லா!" என்றார்கள். பிலோமினம்மாளை உணவகத்துக்கே கூட்டிப்போய் அவன் மாவு பிசைவதைக் காட்டினேன். "பூசைக்கு அப்பம் செய்றாரா?" என்று கண்கலங்கினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் அவர் மகள் வெரோனிகாவும் இவனும் காதலித்துத் தொலைத்தார்கள். அம்மாவுக்குப் பயந்து அவளும் எல்லார் முன்னாலும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாள். ஒரு நாள் பெண் கேட்கப் போனோம்.

"சாமியாருக்கு எப்படிப் பொண்ணு குடுப்பேன்? பாவம் எங்க தலையிலதானே விழும்!" என்று பிலோமினம்மாள் அழுதார்.

வேறு வழியில்லாமல் பங்குச் சாமியாரிடம் போய் நின்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில், எல்லார் காதிலும் விழும்படி அவர் சொன்னார்: "அம்மா, இவர் ஃபாதர் இல்ல. பீட்சா போடுறவர்."

பிலோமினம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டார். "அதான் காலையில இருந்து வலிக்குதா!" பிறகு நிமிர்ந்தார். "வொர்க் பாஸ்ல வந்து அடுப்படியில நிக்கிறவனுக்கா என் பொண்ணு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கணவர் லாசரஸ், செம்பவாங்கில் கப்பலுக்குச் சாயம் அடிக்க வொர்க் பெர்மிட்டில் வந்தவர்தான். கேட்டே விடலாமென்று வாயெடுத்தேன். பக்கத்திலேயே நின்ற லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டார். பேசாமல் விட்டுவிட்டேன்.

டொனாட்டோ பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். சாமியாராக இருந்தாலும் பெண் இல்லை, மனிதனாக இருந்தாலும் பெண் இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

வெரோனிகா அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். "டொனாட்டோ!" என்றாள், அத்தனை பேர் முன்னால். அவன் திரும்பவில்லை. "டொனாட்டோ!" யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, நடந்துகொண்டே இருந்தான்.

"சாமி!" என்று கத்தினாள்.

சட்டென்று நின்று திரும்பினான்.