பஞ்சிக்காரிக்குப் பன்சன் இல்லை

செய்தி வந்தபோது நான் அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் காசு கொடுக்கும் வரிசையில் நின்றேன். கூடையில் இரண்டு கட்டுக் கீரை, ஒரு பை பயற்றம் முளை, ஒரு பெட்டி டோஃபு. தொலைபேசியில் றெஜினா அக்காவின் மகள் ஷெரின். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். "எங்க போனவ?" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் கேட்டேன். றெஜினா அக்கா எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பவர். அன்று காலை வேலைக்குப் புறப்பட்டு, சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லையாம். கூடையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பனி கொட்டியது. பத்து வருடமாக நான் பஸ் ஏறுகிற இடம் அது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கார்களுக்கு நடுவே இரண்டு தரம் சுற்றினேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகும் மூன்று தரம் எழுந்துவிட்டேன். மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கும், அவருடைய கோவில்காரருக்கும், காலை ஆறு மணி பஸ்ஸில் எங்களோடு தூங்கி வழிந்தவர்களுக்கும் றெஜினா அக்கா யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருக்கும் எனக்கும் இடையில் கடைசியில் என்ன நடந்தது என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் நல்ல நல்ல வார்த்தைகளாக அடுக்கிவிட்டுப் போனால் அது அஞ்சலி ஆகாது.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். நோர்த் யோர்க்கில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தார். கோப்பை கழுவப் போனவர், பிறகு அவர் ருசிபார்த்து உப்புச் சொன்னால்தான் சூப் வெளியே போகும் என்ற நிலைக்கு வந்தார். அங்கே பின்னேரம் மூன்று மணிக்கு வேலைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்களாம். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு, ஒரு சூப், நடுவில் ஆறேழு சின்னத் தட்டுகளில் மரக்கறி. அக்கா மட்டும் வீட்டிலிருந்து சோறு கறி கட்டிக்கொண்டு போவார். ஒருநாள் முதலாளியம்மா பெட்டியை எட்டிப் பார்த்து, இது எத்தனை பேருக்கு என்று கேட்டாராம். அக்காவுக்கு வந்த கோபம் ஒரு கிழமை நின்றது. இரண்டாவது கிழமை பெட்டி கொண்டுபோகவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முதலாளியம்மாவைத் திட்டிக்கொண்டேதான் சொல்வார்.

போன வருடம் கோடையில் எனக்கு இரத்தத்தில் சீனி எகிறிவிட்டது. டொக்டர் ஆறு மாதம் தந்தார். அதற்குள் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்றார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊசி போடத் தொடங்கினால் லைசென்ஸில் கை வைப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். உண்மையோ பொய்யோ, அந்தப் பயத்தில் எனக்கு நித்திரை போனது. ஸ்ரியரிங் இல்லாமல் நான் என்ன செய்வேன்? வீட்டில் இருந்து சுவரைப் பார்ப்பதா? அடுத்த நாளே பஸ்ஸில் அக்காவிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்டார். சொன்னேன். "இனி நாலைஞ்சு பன்சன் வைச்சுச் சாப்பிடும்" என்றார்.

எனக்கு அது பஞ்சம் என்றுதான் காதில் விழுந்தது. "என்னக்கா, பஞ்சமோ?" என்றேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பன்சன் என்றால் சோற்றோடு வைக்கிற சின்னச் சின்னத் தட்டுகளுக்குக் கொரியர் சொல்லும் பெயர். கீரையை ஒரு கொதி காட்டி, பிழிந்து, உள்ளியும் எள்ளெண்ணெயும் போட்டுப் பிசைவது. பயற்றம் முளையை அதேபோல. ஒரு துண்டு டோஃபு, கொஞ்சம் கடற்பாசி, உறைக்கப் புளிக்கக் கோவாவில், அதுதான் முட்டைக்கோசில், போட்ட கிம்ச்சி. எங்கள் பேச்சில் பஞ்சி என்றால் சோம்பல் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு அன்றே ஒரு வசனம் கட்டிவிட்டார்: "பஞ்சிக்காரிக்குப் பன்சன் இல்லை." அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் ஏறினால் காலை வணக்கம் அதுதான்.

நான் செய்த முதல் கூத்து உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். வழக்கமான சோற்று மலையைக் கட்டி, வழக்கமான கறிகளை ஊற்றி, ஓரத்தில் கிம்ச்சியை ஊறுகாய் மாதிரி வைத்துச் சாப்பிட்டுவிட்டு, கொரியச் சாப்பாட்டில் இருக்கிறேன் என்று இரண்டு கிழமை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சோயாப் பசைச் சூப் உடம்புக்கு நல்லதென்று கிண்ணத்தின் அடிவரை குடித்து பிறஷரையும் ஏற்றிக்கொண்டேன். அக்கா ஒருநாள் என் குசினிக்கே வந்து தட்டைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "பவா, சோத்தைக் கறியாக்கும், கறியைச் சோறாக்கும். சூப்பில கிடக்கிறதை எடும், தண்ணியை விடும். உப்புத் தண்ணியை ஆரும் மருந்தெண்டு குடிப்பினமோ?" என்றார். கொரியக் கீரை கிடைக்காவிட்டால் வல்லாரையைப் போடச் சொன்னார். முருங்கையிலையையும் விடவில்லை. சோற்றில் பாதி பார்லி கலக்க வைத்தார். முதல் மாதம் பசியில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். இரண்டாம் மாதம் படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. அதை அவரிடம் சொன்னபோது "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு. எனக்கு விரதம் என்று அக்காவிடம் முதலே சொல்லியிருந்தேன். அவர் தன் கையால் போட்ட கிம்ச்சி ஒரு போத்தல் தந்தார். கோவா, மிளகாய், உள்ளி, வேறென்ன இருக்கப்போகிறது என்று அந்த ஆறு நாளும் அதைத்தான் சோற்றோடு சாப்பிட்டேன். பாரணை முடிந்து பஸ்ஸில் கண்டபோது, உங்கள் கோவாதான் என்னைக் காப்பாற்றியது என்று நன்றி சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "ஐயோ பவா, அதில மீன் சோஸ் எல்லோ விட்டனான்" என்றார். அவர்களுடைய தவக்காலத்தில் இறைச்சிதான் விலக்கு, மீன் சாப்பிடுவார்கள். விரதம் என்று நான் சொன்னதும் அந்தக் கணக்கிலேயே போட்டுத் தந்துவிட்டார். சைவக்காரரோடு இத்தனை வருடம் பழகியும் கை பழக்கத்தில் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. "வேணுமெண்டுதான் செய்தனீங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரைக் காணாமல் இருக்க முந்தின பஸ்ஸில் போகத் தொடங்கினேன். மூன்றாம் கிழமை என் வாசலில் ஒரு போத்தல் இருந்தது. மேலே ஒட்டிய துண்டில் அவருடைய கோணல் எழுத்து: "மீன் இல்லை. முருகனும் சாப்பிடலாம்." நான் சிரித்தேன். போத்தலை உள்ளே எடுத்து வைத்தேன். சாப்பிட்டேன், ருசித்துச் சாப்பிட்டேன். அவருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. அவரே கூப்பிடட்டும் என்று இருந்தேன். என்ன ரோசமோ!

டிசெம்பர் தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அக்காவுக்கு அந்தத் தேதி தெரியும். ஆறு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவரே அவர்தான். டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவருடைய இலக்கத்தை எடுத்தேன். அழுத்தப் போனவள் நிறுத்திவிட்டேன். இவ்வளவு அக்கறை இருந்தால் கேட்கட்டுமே என்று நினைத்தேன். ஒன்பது நாள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள்தான் நான் அந்தக் கடை வரிசையில் நின்றது.

அவருடைய உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, எனக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பச்சை இலையும் புல்லும் திண்டு என்னத்தைக் கண்டவ, அறுபத்தொன்றில் போய்விட்டாவே என்றார் ஒருவர். எழும்பிச் சொல்லப் பதில் வாய்வரை வந்தது. பிறவியிலேயே அவருடைய இதயத்தில் பழுது இருந்ததும், நாற்பதைத் தாண்டுவாரோ என்று டொக்டர்மாரே யோசித்ததும் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் ஷெரின் சொல்லித் தெரியும். ஆனால் இதே கேள்வியை ஒருதரம் நானே அக்காவிடம் பகிடியாகக் கேட்டிருக்கிறேன், இப்படிச் சாப்பிட்டால் சாகமாட்டீர்களோ என்று. "சாகாமல் இருக்கிறதுக்கில்லை பவா, பஸ்சுக்கு ஓடுறதுக்கு" என்றார். அறுபத்தொரு வயதுவரை ஓடினார். நானும் பார்த்திருக்கிறேன், பைகளோடு, பனியில்.

வெளியே கோப்பி மேசையடியில் ஷெரின் என் கையைப் பிடித்தாள். "அம்மா ஒவ்வொரு நாளும் வொண்டர் பண்ணிக்கொண்டிருந்தவ அன்ரி, பவா அன்ரியின்ர ரிப்போட் வந்திருக்குமோ எண்டு" என்றாள். பிறகேன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னனான், ஜஸ்ட் கோல் பண்ணுங்கோ எண்டு. அம்மா மாட்டன் எண்டிட்டா. 'நான் கேட்டு, சீனி கூடியிருந்தால் அவ எனக்குப் பொய் சொல்ல வேண்டி வரும். ஏற்கெனவே கோவத்தில இருக்கிறவ. பாவம், அவவாச் சொல்லட்டும்' எண்டு சொன்னவ."

நான் ரோசத்தில் காத்திருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், திருப்பிப் போட்ட அந்தத் தட்டுத்தான். சின்னக் கிண்ணத்தில் பார்லிச் சோறு, சுற்றிவர மரக்கறி. அதை விடமாட்டேன். மனத்தாங்கல் உள்ளவரிடம் நல்ல செய்தியை முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்கிறேன், இவ்வளவு விலை கொடுத்தபிறகு. அன்று சவப்பெட்டியருகே வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள். கும்பிட்டுவிட்டு, வாய் திறக்காமல் நகர்ந்துவிட்டேன். அங்கே சொல்ல வேண்டியதை இங்கே, அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

அக்கா, சீனி இறங்கிட்டுது. ஊசி வேண்டாமாம்.