டன்ரவன் மேட்டில் வழி சொன்ன குரல்

2016 ஆகஸ்ட் 9 அன்று மாலை, குயின்ஸ்லாந்தின் மேற்கே டன்ரவன் மேட்டில், ஜீப்பின் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் கேரவன் வீட்டின் பின்சக்கரம் பாறை விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கீழே நூறு அடிப் பள்ளம்.

இது நடந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் எனக்குச் சாதகமாகச் சேர்த்திருப்பேன்.

நான் பல வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அதனால் ஸ்டியரிங் என் கையில். என் கணவன் மெர்வ் மூச்சிரைப்புக்காரன். அவன் வேலை வழி சொல்வது. கேரவனை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் எல்லாத் தம்பதிகளுக்கும் இந்த ஏற்பாடுதான். வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது ஓட்டுபவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. மற்றவர் வாக்கி டாக்கியோடு இறங்கிப் பின்னால் நின்று, வா, இடது, நில்லு என்பார். ஜீப்பில் உள்ள ரேடியோவில் அது கேட்கும். எத்தனையோ குடும்பச் சண்டைகள் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் ஆரம்பிக்கின்றன. எந்தக் கேரவன் மைதானத்திலும் மாலையில் நாற்காலி போட்டு, பீரும் கையுமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஆனாலும் அந்தக் குரலை நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்போது நாங்கள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. மகள் ஜாஸ்லினுக்குச் செப்டம்பரில் பிரசவம். ஜூலைக் கடைசியில் எங்கள் ஊரான பல்லாரட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று மெர்வ் வாக்குக் கொடுத்திருந்தான். ஆகஸ்ட் பிறந்தும் மேற்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

"திரும்பலாம்னு சொன்னியே."

"திரும்பலாம். அந்த மேட்டை மட்டும் பாத்துட்டு."

"அங்க என்ன இருக்கு?"

"படுத்துக்கிட்டே பள்ளத்தாக்கு முழுசும் தெரியுமாம். மகாராணிக்குன்னே செஞ்ச இடம்."

அன்று மதியம் டீசல் போட நிறுத்தினோம். நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது, மெர்வ் கல்லாவில் இருந்த பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. வேறு வண்டி எதுவும் இல்லை. வலது பக்கம் தள்ளி ஒரு கழிப்பறைக் கொட்டகை. ஜீப்பே ஆடும்படி காற்று அடித்தது. கேரவனின் பின் ஜன்னல் பள்ளத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றான் மெர்வ். இறங்கினான். பின்பக்கமாக நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ கரகரத்தது.

"வா, கிளெனிஸ்."

ரிவர்ஸ் போட்டேன்.

"வா… வா… அப்படியே வா."

பக்கத்துக் கண்ணாடியில் ஆள் தெரியவில்லை. வழக்கமாக ஓரமாக நின்று கையைக் காட்டுவான்.

"எங்க நிக்கிற? தெரியலயே."

"நிக்கிறேன். நீ வா."

மெர்வுக்கு நக்கலடிக்காமல் வழி சொல்லத் தெரியாது. 'இதென்ன பள்ளிக்கூட பஸ்ஸா, எவன் மேலயாவது ஏத்திடாத' என்பான். பயந்தாங்கொள்ளியும்கூட. இன்னும் பத்தடி இருக்கும்போதே நில்லு, நில்லு என்று அலறுவான். அன்று அலறவில்லை.

"இடம் கெடக்கு… வா."

வெளியே காற்று ஊளையிட்டது. ரேடியோவில் காற்றுச் சத்தமே இல்லை. மூடிய அறைக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல…

மூச்சிரைப்பும் இல்லை.

"மெர்வ், போதுமா?"

"இன்னும் கொஞ்சம். வா, கண்ணு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

பிரேக்கை மிதித்தேன்.

"வா கண்ணு…"

கை பிரேக்கை இழுத்தேன்.

"வா…"

இறங்கிப் பின்னால் ஓடினேன்.

அங்கே யாரும் இல்லை.

சக்கரத்துக்கு அடியிலிருந்து சின்னக் கற்கள் உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தன. அவை தரையைத் தொடும் சத்தம் கேட்கவில்லை.

"ஏய், அதுக்குள்ள ஏன் வண்டிய எடுத்த?"

கழிப்பறைப் பக்கமிருந்து மெர்வ் இரைக்க இரைக்க வந்தான்.

"நீதானே வரச் சொன்ன."

"நானா? ஒதுங்கப் போயிருந்தேன். வாக்கி டாக்கியே எங்கிட்ட இல்ல. வண்டிக்குள்ள சார்ஜ்ல கெடக்கு."

ஜீப்பின் பின்கதவைத் திறந்து, குனிந்து, அதை எடுத்துக் காட்டினான். ஒயர் தொங்கியது. நான் அதற்கு முன் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. குனிந்தபோது அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது அங்கேயே இருந்ததா, அப்போதுதான் அவன் கையோடு உள்ளே போனதா…

"உன் குரல்தான் கேட்டுச்சு, மெர்வ்."

"பைத்தியமா உனக்கு? நான் எதுக்கு உன்னைக் கொல்லணும்?"

கொல்வது பற்றி நான் பேசவே இல்லை.

அங்கே தங்கவில்லை. டீசல் போட்ட இடத்துக்கே திரும்பினோம். இரவு அவன் கேரவனில் படுத்தான். நான் ஜீப்பில், கதவைப் பூட்டிக்கொண்டு.

காலையில் கடை மேசையில் கல்லாப் பெண்மணி ராண்டா எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதே மேட்டுல பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேரவன் விழுந்துச்சும்மா. ஓட்டுனது பொண்டாட்டி, நார்மா. வழி சொன்னது புருஷன், லெஸ். அந்த ஆளு கடைசி வரைக்கும் ஒரே பேச்சுதான். நான் ஒதுங்கப் போயிருந்தேன், வாக்கி டாக்கி வண்டிக்குள்ள சார்ஜ்ல இருந்துச்சுன்னு. எவன் நம்புவான்? ஜெயில்லயே செத்தான்."

மெர்வ் மேசையைத் தட்டினான். "கேட்டியா? இப்பவாவது நம்புறியா?"

ராண்டா அவனை விநோதமாகப் பார்த்தாள்.

"நேத்து மத்தியானமே உங்களுக்கு இதெல்லாம் சொன்னேனே. அந்தப் பக்கம் போகாதீங்கன்னும் சொன்னேன். வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லலையா?"

மெர்வ் காபியைக் கலக்கினான். சர்க்கரை அவன் போட்டுக்கொள்வதே இல்லை.

"நீ பயந்துருவன்னு சொல்லல, கிளெனிஸ்."

தெரிந்தேதான் என்னை அங்கே கூட்டிப்போயிருக்கிறான். தெரிந்தேதான் விளிம்புக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். பேய்க்கதை ஒரு வேடிக்கை என்று நினைத்தானா, அல்லது அது நல்ல மறைப்பு என்று நினைத்தானா… எனக்குத் தெரியவில்லை. லெஸ் சொன்ன அதே வார்த்தைகள் அவன் வாயில் இருந்தன. அது மட்டும் தெரியும்.

சாவியை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து நகரமான மவுன்ட் ஐசாவுக்குப் போய் அங்கிருந்து பஸ் ஏறினேன். பேத்தி பிறந்தாள். மெர்வ் பின்னாலேயே வந்து தன் தம்பி வீட்டில் தங்கினான். வாரம் தவறாமல் போன் செய்தான். "நான் பேசல, கிளெனிஸ். சத்தியமா நான் பேசல." ஒரு கட்டத்தில் நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த ஜூனில், அந்தக் குரலைப் பதிவு செய்து வந்து அம்மாவிடம் போட்டுக் காட்டுகிறேன் என்று ஜாஸ்லினிடம் சொல்லிவிட்டு, கேரவனை இழுத்துக்கொண்டு அவன் தனியாகக் கிளம்பினான்.

ஜீப்பையும் கேரவனையும் மேட்டுக்குக் கீழே கண்டெடுத்தார்கள். மெர்வ் ஓட்டுநர் இருக்கையில் இறந்து கிடந்தான். கியர் ரிவர்ஸில் இருந்தது. செல்போன் நொறுங்கிக் கிடந்தது.

அந்த நேரம் சாலையில் மாடு ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர் போலீஸில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அதே அலைவரிசையில் இருந்த அவருடைய லாரி ரேடியோவில் ஒரு பெண்ணின் குரல் கேட்டதாம். வா மெர்வ், இடம் கெடக்கு, வா என்று.

போலீஸ் பல்லாரட் வந்து, அந்த வாரம் நான் எங்கே இருந்தேன் என்று விசாரித்தது. காய்ச்சலில் வீட்டில் தனியாகப் படுத்திருந்தேன். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

ஜாஸ்லின் அதற்குப் பிறகு என் பேத்தியை என்னிடம் தனியாக விடுவதில்லை.