கார்த்திகேசுவின் பகல் தூக்கம்

தூக்கத்தில் பேசப்போகும் முன் கார்த்திகேசு தொண்டையைச் செருமுவார். கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி ஒரு செருமல். அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். கல்யாணமான புதிதிலேயே அவர் மனைவி இருளாயி இதைக் கவனித்துவிட்டாள். அப்போது மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையான லயத்தில் வீடு. பலகைச் சுவர்தான், இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு" என்பார்கள்.

"மழ வருது, பால எடுங்க", "பால் மங்கு கவுந்து கெடக்கு" என்று அவர் உளறுவதெல்லாம் ரப்பர் காட்டு வேலையாகவே இருக்கும். பகலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். தூக்கத்தில் பேசுகிறவனிடம் கேள்வி கேட்டால் உண்மையைக் கக்கிவிடுவான் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவருடைய தங்கை புருஷன் கனகராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காதருகே குனிந்து, "மச்சான், இருளாயி தங்கச்சி கறி நல்லா ஆக்குதா?" என்று கேட்டான். செருமல் வந்தது. "உப்பு பத்தல," என்றார். லயமே சிரித்தது. இருளாயி வெட்கத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கறியில் உப்பைக் கூட்டினாள்.

தோட்டத்தைக் கம்பெனி வீடு கட்ட விற்றுவிட்ட பிறகு ஈப்போவுக்கு வந்தார்கள். மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீடு. மெங்லெம்பு பக்கம் ஒரு கிடங்கில் கார்த்திகேசுவுக்கு இரவுக் காவல், ஜாகா வேலை கிடைத்தது. காலையில் வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பிற்பகல் வரைக்கும் தூக்கம்.

அறுபதைத் தாண்டிய பிறகுதான் அந்தத் தூக்கம் மாறியது. செருமல் நின்றுபோனது, நேராகக் கத்தல்தான். "ஏய், கிட்ட வராத! வெட்டிப்புடுவேன்!" என்பார். கால் சுவரை உதைக்கும். கை காற்றில் வீசும். எழுப்பப் போன இருளாயியின் தோளில் ஒரு நாள் குத்து விழுந்தது. இன்னொரு நாள் கன்னத்தில்.

விழித்ததும் பழைய மனிதராகிவிடுவார். "பன்னி, புள்ள. காட்டுப் பன்னி. ஒன் மேல பாய வந்துச்சு. வெரட்டுனேன்," என்பார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "இது என்னா, கன்னிப்போயிருக்கு?" என்பார்.

"குளிக்கிற எடத்துல வழுக்கிட்டேன்."

"பாத்து நடக்கக் கூடாதா?"

அவள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. சம்பள நாள் வந்தால் லயத்தில் எத்தனை வீட்டில் பெண்கள் அழுதிருக்கிறார்கள். அந்த வரிசையில் அடி விழாத வீடு தன்னுடையது என்பதுதான் இருளாயிக்கு இருந்த ஒரே பெருமை. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. உள்ளுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அந்தப் பெயரை இப்போது அவருடைய தூக்கம் கெடுக்கிறதே என்றுதான் அவளுக்குப் பதைப்பு. வலி அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அடுக்குமாடியிலும் சுவருக்குக் காது உண்டு. துணி காயப்போடும் இடத்தில் பக்கத்து வீட்டுச் சரளா மெல்லப் பேச்செடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டீங்களே? அண்ணே மத்தியானத்துல கத்துறாரு. அப்புறம் தடார்னு சத்தம். சாயங்காலம் நீங்க முழுக்கைச் சட்ட போட்டுக்கிட்டு வாரீங்க."

"தூக்கத்துல பேசுவாரு, சரளா. அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரரும்தான் தூக்கத்துல பேசுறாரு லா. நாலு நம்பர் சொன்னாரு, லாட்டரி எடுத்தேன், ஒண்ணும் அடிக்கல. வெட்டுவேன் குத்துவேன்னா பேசுறாரு? பயப்படாம போலீசுல ஒரு ரிப்போட் போட்டு வைங்க."

இருளாயி காயாத துணியையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்றிலிருந்து கார்த்திகேசு லிஃப்டுக்குள் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "என்னா புள்ள, என்னப் பாத்தா ஒதுங்குறாங்க?" என்று அவர் கேட்டார். அவள் காதில் விழாத மாதிரி அரிசி களைந்தாள்.

லூமுட்டில் வாக்கப்பட்டிருந்த மகள் தினேஸ்வரி ஒரு முறை வந்தபோது அப்பாவின் கத்தலைக் கேட்டுவிட்டு, லீவு போட்டு இருவரையும் கிளினிக்குக் கூட்டிப்போனாள். தமிழ் பேசுகிற இளம் டாக்டர். பொறுமையாகச் சொன்னார்.

"தூக்கத்துல பேசுறவங்க நெறைய பேரு, ஆன்ட்டி. அலுப்பு, கவல, காய்ச்சல், குடி, இந்த மாதிரி ராத்திரி வேல, எதுனாலயும் வரும். சில குடும்பத்துல பரம்பரையாவே இருக்கும். வெறும் பேச்சுக்கு மருந்து வேண்டாம்." பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "கத்துறப்ப கை கால வீசுறாரா? ஒங்கள அடிக்கிறாரா?"

கார்த்திகேசு பக்கத்து நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"இல்லைங்க டாக்டர்," என்றாள் இருளாயி. "அவரு கை நீட்டுற ஆளு இல்ல."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல," என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

மருந்து இல்லை என்று ஆனபின் இருளாயி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். முனியாண்டி கோயிலில் கயிறு மந்திரித்து அவர் கையில் கட்டினாள். அடங்கவில்லை. கெட்ட கனவுக்குத் தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். ஒரு நல்ல ஆணியோ சாவியோ போதும். ஆனால் அவருடைய கையில் பழகிய இரும்பாக இருந்தால் இன்னும் காவல் என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டியின் அடியில் கிடந்த, ரப்பர் மரம் சீவும் பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்துத் துடைத்து, தலையணைக்குக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நாள் அமைதியாகத்தான் இருந்தது. இருளாயி முனியாண்டிக்குச் சூடம் ஏற்றினாள். பிறகு ஒரு பிற்பகல், வெயில் அவர் முகத்தில் அடிக்கிறதே என்று கட்டிலோரத்து ஜன்னலின் திரைச்சீலையை இழுக்கப் போனாள். கட்டிலிலிருந்து ஒரு கத்தல். கண் மூடியபடியே கார்த்திகேசு எழுந்தார். கை தலையணைக்குக் கீழே போய் வந்தது. அவள் முகத்தை மறைக்க முழங்கையைத் தூக்கினாள். கத்தி அங்கே இறங்கியது.

அவளுடைய அலறலில்தான் அவர் விழித்தார். கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். "நானா? புள்ள, நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சரளாவும் அவள் புருஷனும் ஓடி வந்தார்கள். சரளா இருளாயியை இழுத்து அணைத்துக்கொண்டு, "தொடாதீங்க அண்ணே, தள்ளிப் போங்க!" என்று கத்தினாள். அவர் தள்ளிப் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் வயதான ஒரு டாக்டர் அவளைத் தனியாக வைத்துக் கேட்டார். மீன் வெட்டும்போது பட்டுவிட்டது என்றாள்.

"மீன் வெட்டுறவங்களுக்கு முழங்கைக்கு வெளிப்பக்கம் வெட்டு விழாது, ஆன்ட்டி. வெளிய போலீசுகிட்ட ஒங்க வீட்டுக்காரரு நான்தான் வெட்டுனேன்னு சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா தெரியலங்கிறாரு."

இருளாயிக்கு அப்போதுதான் புரிந்தது. அவரைக் காப்பாற்ற வேண்டுமானால், அவர் தூக்கத்தில் அடித்ததை எல்லாம் சொல்லியாக வேண்டும். வேறு வழி இல்லை. தோளில் விழுந்ததிலிருந்து கத்தி வைத்தது வரை அழுதுகொண்டே சொன்னாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். கனவு காணும்போது எல்லாருடைய உடம்பையும் மூளை கட்டிப்போட்டுவிடும் என்றார். சிலருக்கு, முக்கியமாக வயதான ஆண்களுக்கு, அந்தக் கட்டு தளர்ந்துவிடும், கனவில் செய்வதைக் கை செய்யும். பேச்சுக்கு வைத்தியம் வேண்டாம், இதற்குக் கட்டாயம் வேண்டும். "கிளினிக்குல முதல்ல கேட்டப்பவே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

அதன் பிறகு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக் கார்த்திகேசுவைத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னதுதான் உறுதியானது. சாம்பிராணி வாசனை தெரிவதில்லை என்று கார்த்திகேசு சொன்னதையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொண்டார்கள். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பிற்பாடு கை நடுக்கமும் நடை தளர்ச்சியும் வருவதுண்டு, வராமல் தடுக்க இன்னும் மருந்து இல்லை என்றார்கள். தினேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திகேசு, "இனிமே அவள அடிக்க மாட்டேன்ல?" என்று மட்டும் கேட்டார். முழுக்க வாக்குக் கொடுக்க டாக்டரால் முடியவில்லை.

டாக்டரின் அறிக்கையைப் பார்த்துப் போலீஸ் அவரை விட்டுவிட்டது. ஜாகா வேலையை நிறுத்திவிட்டார். இரவில் மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்தில், தரையில் மெத்தை விரித்து, சுற்றிலும் ஒரு சாமானும் இல்லாமல் படுக்கிறார். இருளாயி அறைக்குள் படுக்கிறாள்; உள்தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்காமல் அவர் கண் மூடுவதில்லை. கத்தல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சரளாவிடம் நோயைப் பற்றி இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. அவள் தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை. கார்த்திகேசுவின் கை இதுவரை நடுங்கவில்லை.