பச்சைக் குழாயில் பச்சைத் தண்ணீர்

ஈப்போவுக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டையில், ரப்பர் பாய் செய்யும் ஆலையொன்றில் இருபத்தாறு வருடமாக பாய்லர் பார்ப்பவர் லூர்துசாமி. சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, அதைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவின் புந்தோங் பகுதிக்குக் குடிவந்தவர். எது வீணாய்ப் போனாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. வீண் பேச்சு காதில் விழுந்தால் வாயும் சும்மா இருக்காது.

அந்த ஆலையில் பாய்லரின் ஆவி அச்சுகளைச் சூடாக்கிவிட்டு வெந்நீராக இறங்கும். அதை நேரே சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சாந்தினி புதிதாகச் சலவைக்கூடம் போட்டாள். ஈப்போ ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்கும். அவளோ காஸ் எரித்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்தை லூர்துசாமி இரண்டு மாதம்தான் பொறுத்தார். மேனேஜர் தர்மேந்திரனிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு, மதிலில் ஓட்டை போட்டு, கிடங்கில் கிடந்த இரும்புக் குழாயை நேராக இழுத்துவிட்டார். பதினொரு அடி. சூடு ஆறாமலிருக்கப் பஞ்சு சுற்றி, மேலே தகரம் கட்டினார். சாந்தினி காஸ் அடுப்பை மூலையில் தள்ளினாள். பன்னிரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பேட்டையின் முதலாளிகள் சங்கம் கோலாலம்பூரிலிருந்து ராட்னி என்ற ஆலோசகரை வரவழைத்தது. நகரமும் ஆலைகளும் வளங்களைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். ஒருவர் கழிவு இன்னொருவருக்கு மூலதனமாம். மடிப்புக் கலையாத சட்டையோடு வந்த ராட்னி, குழாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அங்கிள், இது யார் டிசைன்?"

"டிசைனா? சாக்கடைக்குப் போன தண்ணிய டோபிக்குத் திருப்பி விட்டேன் லா. அதுக்கு ஒரு டிசைனா?"

"பெர்மிட் இருக்கா? மீட்டர் இருக்கா?"

"சூடு இருக்கு. தொட்டுப் பாருங்க."

ராட்னி தொடவில்லை. படம் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றே மாதத்தில் பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் குழாய் போட்டார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அது ஆலை வாசலைச் சுற்றி, அறிவிப்புப் பலகைக்குக் கீழே வளைந்து, அரை பர்லாங் ஊர்வலம் போனது. உடம்பெல்லாம் பச்சைச் சாயம். சாயம் தெரிய வேண்டுமே, அதனால் பஞ்சு சுற்றவில்லை. வாசலில் ஒரு திரை. எத்தனை லிட்டர் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. சூட்டைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. திறப்பு விழாவுக்கு லூர்துசாமியும் போனார். உடுப்பில் கரி இருக்கிறதென்று படத்துக்கு நிற்க விடவில்லை.

மறுநாளே சாந்தினி மதிலோரம் வந்தாள்.

"அண்ணே, இந்தத் தண்ணியில கறை எங்க போவும்? ஆறிப்போயி வருது."

அடுப்பு மூலையிலிருந்து திரும்பி வந்தது.

வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். ராட்னி அரை மணி நேரம் முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்த லூர்துசாமி சலவைக்கூடத்துக்குப் போய், அந்தக் குழாயில் ஒரு வாளி பிடித்து வந்து, பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்த மலாய் அதிகாரி அம்மாளின் முன்னால் வைத்தார். அவர் கையை விட்டுப் பார்த்தார்.

"செஜோக்," என்றார் அம்மாள். குளிர்ந்திருக்கிறதாம்.

"இன்னைக்கு பம்ப்ல கொஞ்சம் ப்ராப்ளம்," என்றார் ராட்னி அவசரமாக.

"பம்ப் நல்லாத்தான் ஓடுது தம்பி. பச்சைத் தண்ணிய நல்லாவே தள்ளுது."

லூர்துசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 'பெற்றுக்கொண்டேன். தண்ணீர் இன்னும் ஆறித்தான் இருக்கிறது' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து தர்மேந்திரனே பாய்லர் அறைக்கு வந்தார்.

"அண்ணே, பழைய குழாய பின்னால போட்டுடுங்க. பச்சை அப்படியே இருக்கட்டும், படம் எடுக்க ஆளுங்க வராங்க. சத்தமில்லாம செஞ்சிடுங்க."

"எழுதிக் குடுங்க, செய்றேன்."

"எழுத முடியாது லா."

"அப்ப முடியாது."

மூன்று வாரம் அசையவில்லை லூர்துசாமி. மறுப்பதில் ஒரு ருசி இருந்தது. அந்த ருசி, சலவைக்கூடத்து துளசி வேலையிழந்து வீட்டுக்குப் போன அன்று கசந்தது. சாந்தினி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. "காஸுக்கே எல்லாம் போயிடுதுண்ணே, துளசிய நிப்பாட்டிட்டேன்," என்று மட்டும் சொன்னாள். தன் வீறாப்புக்கு இன்னொருத்தி சோறு பலியா என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் நட்டநடுப் பகலில், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், புதுக் குழாய் வந்தபோது மதிலில் அடைத்துவிட்டிருந்த ஓட்டையைச் சம்மட்டியால் உடைத்தார். பேட்டை முழுக்கக் கேட்டது. தர்மேந்திரன் தன் அறைச் சன்னலைச் சாத்திக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பதினொரு அடிக் குழாயில் வெந்நீர் ஓடியது. அடுத்த திங்கட்கிழமை துளசி வேலைக்குத் திரும்பினாள்.

பச்சைக் குழாய் இன்னும் இருக்கிறது. திரை எண்ண வேண்டுமே, அதற்காக வெறும் பைப்புத் தண்ணீரை அதில் சுற்ற விடுகிறார்கள். திட்டத்துக்கு விருதும் கிடைத்துவிட்டது. விருந்தாளிகளின் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் லூர்துசாமி பாய்லர் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"போய்ப் பாக்கலியாண்ணே?" என்றாள் சாந்தினி ஒருநாள்.

"வாயால வடை சுடுறாங்க. அதப் பாக்க எனக்கென்ன லா வேலை," என்று சொல்லிவிட்டு, ஆவி அளவைப் பார்க்கப் போனார்.